நிறுத்தியபின்னும் இயங்குவன: எஞ்சிநிற்கும் சோதனைச் செயல்முறைகளும் கணினித்தமிழ் ஆய்வின் நம்பகமும்

கணினித்தமிழ் சார்ந்த ஆய்வேடுகளை மதிப்பிடும்பொழுது, அவற்றின் அட்டவணைகளில் உள்ள எண்கள் எந்த நிரலால் பெறப்பட்டன என்று நாம் வினவுகிறோம். அந்த எண்கள் பெறப்பட்ட வேளையில் அந்நிரல்தான் உண்மையில் இயங்கியதா என்று வினவுவதில்லை. முதல் வினாவுக்கு விடை கிடைத்தவுடன் இரண்டாம் வினாவுக்கும் விடை கிடைத்துவிட்டதாகவே கொள்கிறோம். அவ்வாறு கொள்வதற்கு இடமில்லை என்பதும், இடையில் நிறுத்தப்பட்ட மென்பொருள் உருவாக்கங்கள் விட்டுச்செல்லும் சோதனைச் செயல்முறைகள் நம் ஆய்வு முடிவுகளையே திரித்துவிடக் கூடும் என்பதும் இக்கருத்துரையின் துணிபு. இதனைப் பொறியாளர்களின் சிக்கல் என்று ஒதுக்கிவிடலாகாது. எங்கள் பட்டறிவில் அது இலக்கணச் சிக்கலாகவே வந்து நின்றது.

எங்கள் துறையில் உருபனியல் பகுப்பாய்வி ஒன்று சில ஆண்டுகளாக உருவாகி வருகிறது. நெடில்தொடர், உயிர்த்தொடர்க் குற்றியலுகரச் சொற்களில் டகர, றகர ஒற்றுகள் வேற்றுமையுருபு ஏற்கும்பொழுது இரட்டிப்பதைப் பிரித்துக்காட்டும் விதி அதன் ஒரு பகுதி. நாடு, நாட்டை என்றாகும். ஆறு, ஆற்றை என்றாகும். வயிறு, வயிற்றை என்றாகும். இங்கு இடர்ப்பாடு ஒன்று உண்டு. 'பாட்டை' என்னும் வடிவம் 'பாட்டு' என்னும் வன்தொடர்ச் சொல்லோடு ஐயுருபு சேர்ந்ததாகவும் இருக்கலாம். 'பாடு' என்னும் நெடில்தொடர்ச் சொல்லோடு ஐயுருபு சேர்ந்ததாகவும் இருக்கலாம். வழி என்று பொருள்படும் 'பாட்டை' என்னும் தனிப்பெயர் வேறு உள்ளது. 'கூட்டை', 'ஓட்டை' முதலியனவும் இத்தகையனவே. பகுப்பாய்வியின் பழைய வடிவம் வன்தொடர்ப் பகுப்பை மட்டுமே தந்தது. ஆய்வு மாணவர் ஒருவர் எல்லாப் பகுப்புகளையும் தந்து, பக்கச்சொற்களைக் கொண்டு அவற்றுள் ஒன்றைத் தெரியும் புதிய விதியை எழுதினார். பழைய விதியோடும் புதிய விதியோடும் அதே தொடர்களைச் சோதித்து ஒப்பிட்டார். வேறுபாடு சிறிதும் இல்லை.

நாங்கள் வியந்தோம். பின்னர் அவ்வியப்பைப் போக்கக் காரணம் ஒன்றையும் கண்டுபிடித்தோம். உரைநடை வழக்கில் இத்தகைய மயக்க வடிவங்களுள் வன்தொடர்ப் பொருளே மேலோங்கி நிற்கிறது. ஆதலின் பக்கச்சொல் நோக்கிப் பிரிப்பதால் பயனில்லை என்று ஒரு பத்தி எழுதிக் கட்டுரையிலும் சேர்த்தோம். படிப்பவர்க்கு நயமாகவே இருந்த பத்தி அது. மதிப்பீட்டாளர்களும் அதனை மறுக்கவில்லை. அச்சுக்குச் செல்லுமுன் அம்மாணவர் வேறொரு காரணத்துக்காக அவ்விதி முழுவதையும் நீக்கிவிட்டுச் சோதனையை ஓட்டினார். அப்பொழுதும் விடைகள் மாறவில்லை. இல்லாத விதி எவ்வாறு விடை தரும்? அதன்பின்னரே பொது வழங்கியில் இயங்கும் செயல்முறைகளின் பட்டியலைத் திறந்து பார்த்தோம். எங்கள் பகுப்பாய்வியின் பெயரில் பல செயல்முறைகள் இயங்கிக்கொண்டிருந்தன. அவற்றுள் பழையது மூன்று வாரங்களுக்கு முன் தொடங்கப்பட்டது. நிறுத்திவிட்டோம் என்று நாங்கள் நம்பிய ஓர் உருவாக்கத்தின் மிச்சம் அது. மூன்று வாரங்களாக எங்கள் வினாக்களுக்கெல்லாம் அதுவே விடையளித்து வந்துள்ளது. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

இது நிகழும் முறையைச் சற்று விரித்துரைத்தல் தகும். நிரலாளர் 'பில்டு' என வழங்கும் உருவாக்கம் ஒரே செயலன்று. மூல நிரலைத் தொகுத்தல், அகராதிக் கோப்புகளை ஏற்றல், சோதனைகளை ஓட்டுதல் எனப் பல செயல்கள் அதனுள் அடங்கும். ஒவ்வொன்றையும் ஒரு தாய்ச் செயல்முறை தன்னிலிருந்து கிளைத்த சேய்ச் செயல்முறையிடம் ஒப்படைக்கிறது. அச்சேயும் தன் சேய்களைத் தோற்றுவிக்கிறது. எங்கள் சோதனை, பகுப்பாய்வியை ஒரு சிறு வழங்கியாகப் பின்புலத்தில் தொடங்கிவைத்து, குறித்த ஒரு வாயில் எண்ணில் அதனிடம் சொற்களை அனுப்பி, வரும் விடைகளைச் சரிபார்க்கும் வகையில் அமைந்திருந்தது. அகராதி பெரிதாகையால் ஏற்றுவதற்கு நேரம் பிடிக்கும். பிழையொன்று கண்ணில் பட்டவுடன் மாணவர் நிரலெழுதும் செயலியில் உள்ள நிறுத்து பொத்தானை அழுத்திவிட்டுத் திருத்தத்தில் இறங்குவார். நாள்தோறும் பலமுறை நிகழ்வது இது. திரையில் 'கைவிடப்பட்டது' என்னும் செய்தி தோன்றும்; அதனை நம்பாதிருக்கக் காரணமில்லை.

ஆனால் அப்பொத்தான் பெரும்பாலும் தான் நேரே தொடங்கிய ஒரு செயல்முறைக்கு மட்டுமே சைகை அனுப்புகிறது. 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யுனிக்ஸ் மரபில் வந்த இயங்குதளங்களில் தாயின் முடிவு சேயின் முடிவாகாது. தாய் முடிந்தபின் சேயை அடையாள எண் 1 உடைய முதற்செயல்முறை தத்தெடுத்துக்கொள்ளும். சேய் தன் பணியைத் தொடரும். முனையத்தில் கன்ட்ரோல் விசையோடு 'சி' விசையை அழுத்தி நிறுத்தும் பழைய முறையில் இத்தொல்லை குறைவு. அங்கு முனையமே முன்னணியில் உள்ள செயல்முறைக் குழு முழுவதற்கும் சைகை அனுப்பிவிடுகிறது. ஒரே மாணவர் முனையத்தில் நிறுத்தும்பொழுது எல்லாம் அடங்குவதும், பொத்தானால் நிறுத்தும்பொழுது சில எஞ்சுவதும் இதனாலேயே. சைகைகளிலும் வகை உண்டு. 15 என்னும் எண்ணுடைய சைகை வேண்டுகோள் போன்றது. அதனைப் பெற்ற நிரல் தன் சேய்களை அடக்கி, கோப்புகளை மூடிவிட்டு முடியலாம். 9 என்னும் எண்ணுடையதை எந்நிரலும் மறுக்கவோ தாமதிக்கவோ இயலாது. இரண்டாவது கண்டிப்பானதாதலின் அதுவே தூய்மையானது என்று பலர் கருதுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. அச்சைகையால் முடியும் தாய்க்குத் தன் சேய்களை அடக்க நொடிப்பொழுதும் கிடைப்பதில்லை.

அடுத்த உருவாக்கம் தொடங்கும்பொழுது புதிய பகுப்பாய்வி அதே வாயில் எண்ணை வேண்டுகிறது. பழையது அங்கு அமர்ந்திருக்கிறது. முகவரி முன்னரே பயன்பாட்டில் உள்ளது என்று ஒரு வரி பதிவேட்டில் விழ, புதியது முடிந்துபோகிறது. நூற்றுக்கணக்கான வரிகளுக்கிடையே அவ்வரியை எவரும் படிப்பதில்லை. சோதனையோ வாயிலில் விடை வருகிறதா என்று மட்டும் பார்க்கிறது. விடை வருகிறது. விடையளிப்பது பழைய விதியையும் பழைய அகராதியையும் நினைவகத்தில் தாங்கி நிற்கும் முந்தைய செயல்முறை. சோதனை தோற்றிருந்தால் நாங்கள் அன்றே விழித்திருப்போம். எங்களைக் கெடுத்தது அது வெற்றி பெற்றதே.

இவ்விடத்தில் கலைச்சொல் பற்றிச் சில சொல்ல வேண்டும். தமிழ்த்துறை இதழில் இதனைத் தவிர்த்துச் செல்ல மனம் ஒப்பவில்லை. தாய் முடிந்தபின் தொடரும் செயல்முறையை ஆங்கில வழக்கில் 'ஆர்ஃபன்' என்பர். அதனை 'அநாதைச் செயல்முறை' என்று பெயர்த்து மாணவர் எழுதுகின்றனர். அநாதை என்பது நாதன் இன்மையை, அதாவது காப்போர் இன்மையைக் குறிக்கும் வடசொல் வழி வந்தது. ஆர்ஃபன் என்பதோ பெற்றோர் இன்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் வழி வந்தது. இரண்டும் ஒன்றல்ல. நாம் பேசும் செயல்முறைக்குத் தாய் இல்லை, காப்பவர் உண்டு. முதற்செயல்முறை அதனைத் தத்தெடுத்துவிட்டது. அவ்வாறு தத்தெடுக்கப்பட்டதனாலேயே அது இயங்குதளத்தின் கண்ணில் முறையான குடியாகி, எவர் ஐயத்துக்கும் ஆளாகாமல் வாழ்கிறது. ஆகவே 'அநாதை' என்னும் சொல் இரக்கத்தை எழுப்புவதோடு பொருளையும் தலைகீழாக்கிவிடுகிறது. 'ஜோம்பி' எனப்படும் மற்றொரு வகையோடு இதனை மயக்குவதையும் ஆய்வேடுகளில் கண்டுள்ளேன். ஜோம்பி தன் பணியை முடித்துவிட்டது. அதன் முடிவுநிலையைத் தாய் கேட்டறியாமையால் பட்டியலில் பெயர் மட்டும் நிற்கிறது. அது வாயிலை அடைத்துக்கொள்ளாது, விடையும் அளிக்காது. நமக்குத் தீங்கு செய்வது உயிருள்ளதே.

'எச்சச் செயல்முறை' என்று வழங்கலாமா என்று எண்ணிப்பார்த்தேன். எச்சம் என்பது நம் இலக்கணத்தில் முற்றுப்பெறாத வினை. பொதுவழக்கில் எஞ்சியது. பழைய வழக்கில் ஒருவர் விட்டுச்செல்லும் மக்கள் என்னும் பொருளும் அதற்கு உண்டு. முற்றுப்பெறாமை, எஞ்சுதல், சேயாதல் ஆகிய மூன்றும் இச்செயல்முறைக்குப் பொருந்துகின்றன. (பறவையின் எச்சமும் பொருந்தும் என்று நண்பர் ஒருவர் கூறினார், வழங்கியைத் துப்புரவு செய்பவர் அவர்.) ஆயினும் இச்சொல்லை முழுமனத்தோடு பரிந்துரைக்க இயலவில்லை. உருபனியல் பகுப்பாய்வியின் வெளியீட்டிலேயே பெயரெச்சமும் வினையெச்சமும் நிறைந்திருக்க, 'எச்சச் சோதனை' என்று எழுதினால் எது குறிக்கப்படுகிறது என்று மாணவர் தடுமாறுவர். 'தாயிழந்த செயல்முறை' நீளமானது, ஆனால் மயக்கமில்லாதது. இக்கருத்துரையில் அதனையே ஆள்கிறேன்.

தாயிழத்தல் எப்பொழுதும் பிழையன்று என்பதும் நினைவில் இருக்க வேண்டும். நெடுநேரம் ஓடும் பணியைத் தொடங்கிவிட்டு முனையத்தை மூடிச் செல்ல முடிவது இவ்வமைப்பினால்தான். பின்புலத்தில் நிலையாக இயங்கும் 'டீமன்' வகை நிரல்கள் பல, மரபுவழியில், இருமுறை கிளைத்துத் தம் தாயை வேண்டுமென்றே இழந்து அந்நிலையை அடைகின்றன. ஜாவா வழி உருவாக்கங்களில் பெரிதும் பயன்படும் கிரேடில் என்னும் கருவி அடுத்த உருவாக்கத்தை விரைவுபடுத்தும்பொருட்டு ஒரு செயல்முறையை விட்டுவைக்கிறது. பணியின்றி 3 மணிநேரம் கழிந்தால் அது தானே முடிவது இயல்பமைவு. ஆதலின் 'எஞ்சியவற்றையெல்லாம் அழி' என்னும் கட்டளை அறிவுடையதன்று. எது வேண்டுமென்று விடப்பட்டது, எது தவறி நின்றது என்று இயங்குதளம் அறியாது, தொடங்கியவரே அறிவார்.

உருவாக்கங்களைத் தானியங்கியாக ஓட்டும் கருவிகள் இச்சிக்கலை நெடுங்காலமாக அறிந்துள்ளன. ஜெங்கின்ஸ் என்னும் கருவி ஒவ்வோர் உருவாக்கத்துக்கும் ஒரு சூழல் மாறியை அடையாளமாக இடுகிறது. சூழல் மாறிகள் தாயிடமிருந்து சேய்க்கு மரபுரிமையாகச் செல்பவை. தாய் போனபின்னும் அந்த அடையாளம் சேயிடம் நிற்கும். உருவாக்கம் முடிந்தபின் அவ்வடையாளம் உடையவற்றைத் தேடி முடித்துவைக்கிறது. கிட்ஹப் தளத்தின் ஓட்டுநிரல், கைவிடும்படி கட்டளை வந்ததும் முதலில் மென்மையான சைகை ஒன்றை அனுப்பி 7.5 நொடி காத்திருக்கிறது. பின் 15-ஆம் எண் சைகையை அனுப்பி 2.5 நொடி காத்திருக்கிறது. அதன்பின்னரே வலிந்து முடிக்கிறது. தாயிழந்தவற்றைத் துப்புரவு செய்வதாக இறுதியில் ஒரு வரியும் எழுதுகிறது. லினக்ஸ் கருவில் 2008 முதல் உள்ள கட்டுப்பாட்டுக் குழு என்னும் வசதி இன்னும் உறுதியானது. தாய் மாறினாலும் குழு மாறாது. 2021-இல் வெளிவந்த 5.14 பதிப்பு முதல் ஒரே கட்டளையால் குழு முழுவதையும் முடிக்கவும் இயலும். விண்டோஸ் இயங்குதளத்தில் தாய்சேய் உறவு பெயரளவினது. அங்கும் விண்டோஸ் 2000 முதல் பணித்தொகுதி என்னும் பொருளில் செயல்முறைகளை அடைத்துவைத்து ஒருங்கே முடிக்கலாம்.

வசதிகள் இவ்வளவு இருக்க, நம் துறைகளில் ஏன் இடர் நீடிக்கிறது? நம்மிடம் தானியங்கி ஓட்டுநிரல்கள் இல்லை. ஒரு பொது வழங்கியும் அதில் அனைவருக்கும் பொதுவான ஒரே பயனர் கணக்கும்தாம் உள்ளன. கடவுச்சொல் சுவரில் ஒட்டப்படாதது ஒன்றே குறை. எல்லாச் செயல்முறைகளும் ஒரே பெயரில் ஓடுகையில் எது எவருடையது என்று அறிய வழியில்லை. சிக்கல் வெளிப்பட்ட அன்று நாங்களும் அவசரத்தில் ஒரு தவறு செய்தோம். பைத்தான் என்னும் பெயருடைய செயல்முறைகளையெல்லாம் ஒரே கட்டளையால் முடித்தோம். எங்கள் எச்சங்களோடு, அடுத்த அறையில் ஒருவர் நான்கு நாள்களாக ஓட்டிக்கொண்டிருந்த பழைய அச்சுநூல்களின் எழுத்துணரிப் பணியும் போயிற்று. அவர் எங்களை இன்னும் மன்னித்ததாகத் தெரியவில்லை. மன்னிக்க வேண்டும் என்று கேட்கும் துணிவும் எங்களுக்கு இல்லை. கணினியை அணைத்துத் தொடங்கினால் போதும் என்று கூறுவோருக்கும் இதுவே விடை. தம் மடிக்கணினியில் அவ்வாறு செய்யலாம். பொது வழங்கியில் அது பிறர் உழைப்பின்மேல் கைவைப்பதாகும்.

இத்தகைய நுட்பங்களை ஆய்வு மாணவர் கற்க வேண்டுமா, அவர்கள் இலக்கியமும் இலக்கணமும் கற்க வந்தவர்களல்லரோ என்று துறைக் கூட்டத்தில் ஒருவர் வினவினார். ஞாயமான வினா. நான் அவருக்குப் பதிப்பியலைக் காட்டினேன். உ. வே. சாமிநாதையர் தம் பதிப்பு முகவுரைகளில் தமக்குக் கிடைத்த ஏட்டுப்பிரதிகளையும் அவற்றை அளித்தோரையும் குறித்துச் சென்றார். பாடம் எதுவாயினும் அது எப்பிரதியிலிருந்து வந்தது என்பது தெரியாவிடில் அதன்மேல் எழுப்பும் வாதம் நிற்காது என்பதைப் பதிப்பியல் மாணவர்க்கு முதல் பருவத்திலேயே கற்பிக்கிறோம். எங்கள் கட்டுரையில் நேர்ந்தது அதே பிழை. பழைய பிரதியின் பாடத்தைப் புதிய பிரதியின் பாடமென்று அச்சுக்கு அனுப்பினோம். பழைய பிரதி ஓலையாக இருந்திருந்தால் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். நினைவகத்தில் இருந்தமையால் தெரியவில்லை. பிரதி அறியும் பழக்கம் நம் துறைக்குப் புதிதன்று. அதனைப் புதிய இடத்தில் கைக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

அதற்குப் பெரும் பொறியியல் தேவைப்படவில்லை. எங்கள் பகுப்பாய்வி இப்பொழுது தான் தொடங்கும்பொழுது ஏற்றிய விதிக்கோப்பின் அடையாளக் குறியை, வினவுவோர்க்கு முதல் விடையாகத் தருகிறது. சோதனை அக்குறியைத் தன்னிடமுள்ள கோப்பின் குறியோடு ஒப்பிட்டு, பொருந்தாவிடில் மேற்செல்ல மறுக்கிறது. வாயில் எண்ணை நாங்கள் குறிப்பதில்லை. அப்பொழுது எது வெறுமையாக உள்ளதோ அதனை இயங்குதளத்திடமே கேட்டுப் பெறுகிறோம். அதனால் இரு செயல்முறைகள் ஓரிடத்துக்குப் போட்டியிடுவதில்லை. தாயோடு உள்ள குழாய் அறுந்தால் சேய் தானே முடியும்படியும் சில வரிகள் சேர்த்தோம். இவற்றுள் முதலாவதையே எல்லாத் துறைகளுக்கும் வற்புறுத்துவேன். மற்றவை எச்சம் தோன்றாமல் காப்பவை. முதலாவது, எச்சம் தோன்றிய பின்னும் அது நம்மை ஏமாற்றாமல் காக்கிறது. பிறர் எழுதிய கருவிகளைப் பயன்படுத்துவோர்க்கு மற்ற இரண்டும் கைகூடாமலும் போகலாம். அடையாளம் கேட்பது எவர்க்கும் கைகூடும்.

வாய்மொழித் தேர்வில் அமரும் புறத்தேர்வாளர்கள் ஒரு வினாவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்: அட்டவணையில் உள்ள விடைகளை அளித்த செயல்முறை, ஆய்வேட்டில் விளக்கப்பட்ட விதிகளைத்தான் ஏற்றியிருந்தது என்பதற்குப் பதிவு உண்டா? துல்லிய விழுக்காட்டின் தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்று வாதிடும் நேரத்தில் சிறுபகுதி இதற்குப் போதும். இதழ்களின் மதிப்பீட்டாளர்களும் இவ்வாறு கேட்டிருந்தால் எங்கள் பத்தி முதல் சுற்றிலேயே வீழ்ந்திருக்கும்.

திருத்திய சோதனையில் 'பாட்டை', 'கூட்டை', 'ஓட்டை' ஆகியவற்றுக்குப் புதிய விதி பழையதிலிருந்து வேறுபட்ட விடைகளையே தருகிறது. சில இடங்களில் நன்றாகவும், சில இடங்களில், குறிப்பாகச் செய்யுள் தொடர்களில், முன்னதைவிட மோசமாகவும். அதற்கான காரணத்தை இம்முறை அவசரப்பட்டு எழுதவில்லை. மாணவர் தொடர்களை ஒவ்வொன்றாகக் கையால் பார்த்து வருகிறார். தனிப் பயனர் கணக்குகள் வேண்டி நாங்கள் அளித்த விண்ணப்பம் கணினி மையத்தில் உள்ளது.